வாழைத்தண்டும் மகாவீரரின் நீள்வட்டமும்

இன்னைக்கு எபிசோட் சிட்லபாக்கத்துல, எங்க வீட்டுச் சமையலறையில ஆரம்பிக்குது. கையில ஒரு வாழைத்தண்டு, எதிரே அருவாமணை. குறுக்கே நேரா வெட்டினா வட்டம். நெடுக்கப் பிளந்தா, வெட்டின முகம் செவ்வகம். சாய்ச்சு வெட்டினா? இழுத்து விட்ட வட்டம் மாதிரி ஒண்ணு. ஸ்கூல்ல நீள்வட்டம்னு படிச்சோமே, அதுதான்.

இதுல என்ன வரலாறுன்னு கேக்கறீங்களா? இந்த மூணாவது துண்டு பெரிய ஆட்களையே குழப்பியிருக்கு.

கூம்பைச் சாய்ச்சு வெட்டினாலும் நீள்வட்டம் கிடைக்கும். ஆனா கூம்புல வர்றது வேற, உருளையில வர்றது வேறன்னு பழைய கிரேக்கக் கணித உலகத்துல பல பேர் நம்பினாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு நிரூபிக்கவே, எகிப்துல வாழ்ந்த செரினஸ் என்ற கணிதர் உருளையின் வெட்டு பற்றித் தனியா ஒரு நூல் எழுதினார். அவர் காலம் சுமார் 4-ஆம் நூற்றாண்டு.

இப்போ நம்ம பக்கம் வருவோம். 9-ஆம் நூற்றாண்டு, ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலம். மகாவீரர் என்ற சமணக் கணிதர் (தீர்த்தங்கரர் இல்லை, இவர் வேற) ‘கணிதசாரசங்கிரகம்’ எழுதுகிறார். அதுல ‘ஆயதவிருத்தம்’, அதாவது நீண்ட வட்டம், அதுக்கு ஒரு விதி வருது. சின்ன விட்டத்தின் வர்க்கத்தை 6-ஆல் பெருக்கு. பெரிய விட்டத்தை இரட்டிப்பாக்கி, அதன் வர்க்கத்தைக் கூட்டு. வர்க்கமூலம் எடுத்தா சுற்றளவு. அதைச் சின்ன விட்டத்தின் கால் பங்கால பெருக்கினா பரப்பளவு.

போட்டுப் பார்ப்போமா? விட்டங்கள் 4, 2-ன்னு வெச்சுக்கோங்க. சுற்றளவு 9.38 வருது, உண்மையான விடை 9.69. பிரமாதம்! ஆனா பரப்பளவு 4.69 வருது, உண்மையில் அது 6.28. நல்லாவே தவறிடுச்சு.

எங்கே தவறுச்சு? சுற்றளவை விட்டத்தின் கால் பங்கால பெருக்கினா பரப்பளவு. இது வட்டத்துக்குச் சரியான விதி, ஏன்னா மையத்திலிருந்து விளிம்பு எல்லா பக்கமும் ஒரே தூரம். நீள்வட்டத்துல அந்தத் தூரம் மாறிக்கிட்டே இருக்கும். அதனால அங்கே அந்த விதி செல்லாது.

இப்போ திரும்ப வாழைத்தண்டை எடுங்க. நேர்வெட்டிலிருந்து 60 டிகிரி சாய்ச்சு வெட்டினா, அகலம் அப்படியே இருக்கும். நீளம் சரியா ரெண்டு மடங்கு. வட்டத்தை நூல் நூலான கீற்றுகளா நினைச்சா, ஒவ்வொரு கீற்றும் ரெண்டு மடங்கு நீளுது. அப்போ பரப்பளவும் ரெண்டு மடங்கு. அவ்வளவுதான்! மகாவீரர் பை-க்குப் பதிலா 10-இன் வர்க்கமூலத்தை எடுத்துக்கறார். அந்தக் கணக்குப்படியே, விட்டம் 2 உள்ள வட்டத்தின் பரப்பளவு 3.16. ரெண்டு மடங்கு 6.32. உண்மைக்கு எவ்வளவு பக்கம் பாருங்க! அவர் கையில இருந்த எண்களே போதும். தட்டையா பார்த்த வடிவத்தை ஒரு தண்டின் வெட்டா பார்த்திருந்தா, விடை கிட்டத்தட்ட கிடைச்சிருக்கும்.

இதையெல்லாம் நாம இன்னைக்குச் சரிபார்க்க முடியுதுன்னா, அதுல சென்னைக்குப் பங்கு இருக்கு. சானடோரியம் ஸ்டேஷன்ல ரயில் ஏறி ஊருக்குள்ள போனா, மெரினா எதிரே மாநிலக் கல்லூரி. அங்கே சமஸ்கிருதப் பேராசிரியரா இருந்த எம். ரங்காசார்யா இந்த நூலைப் பதிப்பிச்சு, ஆங்கிலத்துல மொழிபெயர்த்தார். 1912-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. மூலமும் மொழிபெயர்ப்பும் சேர்ந்தே இருக்கு.

‘நம்ம முன்னோர்களுக்கு எல்லாமே தெரியும்’னு ஒரு ஃபார்வர்டு வரும். ‘ஒண்ணுமே தெரியாது’ன்னு இன்னொண்ணு வரும். மகாவீரரின் ஒரே விதியில ரெண்டுக்கும் பதில் இருக்கு: சுற்றளவு அருமை, பரப்பளவு தப்பு. ரெண்டையும் சேர்த்துச் சொல்றதுதான் அவருக்கு நாம செய்யற மரியாதை.

அடுத்த முறை வீட்டுல வாழைத்தண்டு பொரியல்னா, முதல் துண்டை மட்டும் சாய்ச்சு வெட்டிப் பாருங்க. நாரைச் சுத்திக்கிட்டே மீதியைப் பேசுவோம்.