கள்விலையாட்டி

கள் விற்ற மகளிரைச் சங்கச் செய்யுட்கள் அரியற்பெண்டிர், அரியலாட்டியர் என வழங்கும். சிலம்பின் வேட்டுவ வரி கள்விலையாட்டி என்னும். ஆண்டு அவள் கள் கொடுக்க மறுப்ப, அது பொறாத மறவன் வில்லேந்தி ஆநிரை கவரச் செல்கின்றான். கவர்ந்த நிரையுள் ஒரு பங்கு அவள் முன்றிலையும் நிறைக்கின்றது. விலை பெறுதலும் மறுத்தலும் அவள்பால் இருந்தன என்பது இதனாற் பெறப்படும்.

பிற்காலச் சட்டமோ வேறு வழிச் சென்றது. தில்லியிலும் வழங்கிய 1914ஆம் ஆண்டுப் பஞ்சாப் கலால் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பொதுமக்கள் மது அருந்தும் இடங்களில் மகளிரைப் பணியமர்த்தலை விலக்கிற்று. அப்பிரிவு செல்லாதென உச்சநீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. பணியிடத்தில் மகளிர்க்குக் காவல் செய்தலே அரசின் கடன், காவலைக் காரணங்காட்டிப் பணியை மறித்தல் அன்று என்பது அதன் கருத்து. மறுக்கும் உரிமையோடு வாணிகம் செய்தாளை முன்னரே அறிந்த தமிழர்க்கு இக்கருத்துப் புதிதன்று என்பது எம் துணிபு.