ஒலி நறுக்கும் அதன் சான்றும்

ஒலிப்பதிவை வெட்டும் தொழில் ஒலிப்பதிவோடு உடன்பிறந்ததன்று. எடிசன் 1877-இல் கண்ட உருளையிலும் பின்வந்த இசைத்தட்டிலும் ஒலி பள்ளமாகப் பொறிக்கப்பட்டமையின், இடையே ஒரு சொல்லை நீக்க வழியில்லை. செருமனியில் 1928-இல் பிலோய்மர் ஆக்கிய காந்த நாடாவும், 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைக்கப்பெற்ற மாக்னடோபோன் கருவியுமே அதற்கு வழிகோலின.

நாடாவில் காலம் நீளமாகிவிடுகின்றது. நொடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் இரண்டு நொடி மௌனம் 30 அங்குலமாம். தொழில் வல்லார் நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிச் சொல்லின் தொடக்கத்தைச் செவியாற் கண்டு, பென்சிலாற் குறியிட்டு, பிளேடினாற் சாய்வாக அறுத்து ஒட்டினர். நேராக அறுப்பின் ஒட்டிய இடத்தில் வெடிப்போசை கேட்கும். மூலநாடாவையே வெட்டியவிடத்து, நீங்கியது யாது, எவ்வளவு என்பதற்கு ஒட்டுத் தழும்பையன்றி வேறு சான்று நாடாவில் இராது. பெயர்த்தெழுதுவோர் ஓரடியை விட்ட ஏட்டின் நிலையே இது. ஏட்டிற்காவது வேறு படிகள் கிடைத்தல் கூடும்.

1991 சூலையில் லான்சு நார்சுகாக் என்பார் ஒலிக்கோப்புகளை ஒரு வடிவினின்று மற்றொன்றுக்கு மாற்றுதற்கென ஒரு நிரலை வெளியிட்டார். 'சாக்ஸ்' எனப் பின்னர்ப் பெயர்பெற்ற அதற்குத் திரையில் படமோ பொத்தானோ இல்லை. எல்லாம் எழுத்தால் இடும் கட்டளையே. மூலக்கோப்பின் பெயர், புதுக்கோப்பின் பெயர், 'ட்ரிம்' என்னும் சொல், இரண்டு எண்கள்: இவ்வளவே வெட்டுதற்கு வேண்டுவன. பெயர்கள் வேறாயிருப்பின் மூலம் ஊறின்றி நிற்கும். அதனினும் சிறந்தது, வெட்டியவாறே ஒரு வரியாக எஞ்சுதல். பிளேடு தன் செயலை எழுதி வைத்ததில்லை.

அவ்வரியைப் படிக்கவும் அறிதல் வேண்டும். 'ட்ரிம் 30 60' என்புழி இரண்டாம் எண் முடிவிடத்தைக் குறிப்பதன்று, நீளத்தைக் குறிப்பது. எனவே 30-ஆம் நொடி முதல் 90-ஆம் நொடி வரை கிடைக்கும். 60-ஆம் நொடியில் முடிக்க வேண்டின் அவ்வெண்ணின் முன் சமக்குறி இடுதல் வேண்டும். 2000-இல் பெல்லார்டு தொடங்கிய 'எஃப்எஃப்எம்பெக்' நிரலோ நீளத்திற்கு 'டி' என்றும் முடிவிற்கு 'டு' என்றும் வெவ்வேறு குறி வைத்துளது. அந்நிரல் எம்பி3 கோப்பை மறுபடி குறியாக்காது அப்படியே படியெடுத்து வெட்டவும் வல்லது. ஆயின் 1152 மாதிரிகள் கொண்ட சட்டங்களின் எல்லையிலேயே அவ்வெட்டு விழும். நொடிக்கு 44,100 மாதிரிகள் எனின், ஒரு சட்டம் ஏறத்தாழ 26 மில்லிநொடி. ஒரு வல்லின மெய்யின் வெடிப்பைப் பிளக்க இது போதும், ஒலியியலார் கருதத்தக்கது.

தாலாட்டுத் தொகுப்பொன்றில் யாமே இப்பிழை செய்தோம். அரை நிமிடப் பாட்டென்று கருதி வெளியிட இருந்த கோப்பில், பாடிய மூதாட்டியார் பாட்டை நிறுத்தித் தம் மகளைப் பற்றிச் சொல்லி அழுததும் சேர்ந்திருந்தது. அது பிறர் செவிக்கென அவர் கூறியதன்று. கட்டளை வரி எழுதிவைக்கப்பட்டிருந்தமையால், அவ்வாறே வெட்டிய ஏனைய பதினொரு கோப்புகளையும் அன்றே கண்டு திருத்தினோம். அதன்பின் ஒவ்வொரு கோப்பினருகிலும் அதன் கட்டளையை எழுதி வைத்து வருகின்றோம்.