வண்டுகொல்லி: ஒரு மருந்துப் பெயரின் வரலாறு

நோய்க்கும் மருந்துக்கும் மக்கள் இட்டு வழங்கிய பெயர்கள், அவற்றைப்பற்றி அவர்கள் கொண்டிருந்த கருத்தினைப் புலப்படுத்துவன. தோலில் வட்டமாகத் தோன்றி, விளிம்பு சிவந்து, அரிப்பொடு பரவும் நோயினைத் தமிழர் அதன் வடிவு நோக்கிப் படர்தாமரை என்றனர். காரணம் நோக்கி வண்டுகடி என்றும் கூறினர். அந்நோய்க்கு இலையை அரைத்துப் பூசும் செடி ஒன்று வண்டுகொல்லி எனப் பெயர் பெற்றமைக்கு இக்கருத்தே அடிப்படை எனலாம். இங்ஙனம் கருதியவர் தமிழர் மட்டும் அல்லர். இலத்தீனில் இந்நோய்க்கு வழங்கும் டினியா என்னும் சொல் ஆடையை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவைக் குறிப்பது. ஆங்கிலேயரும் வட்டப்புழு எனப் பொருள்படும் பெயரையே இட்டனர்.

வண்டுகொல்லிக்குச் சீமையகத்தி என்பது மற்றொரு பெயர். சீமை என்னும் அடைமொழி அது அயல்நாட்டுச் செடி என்பதனைக் காட்டும். அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா ஆகும். 19ஆம் நூற்றாண்டில் இந்நோய்க்கு இந்தியாவில் வழங்கிய கோவாப் பொடியும் அந்நிலத்ததே. அது பிரேசில் நாட்டு அரரோபா மரத்தின் உட்பகுதியிலிருந்து கிடைக்கும் பொடி என்பதனை, 1870களின் நடுவில், பாகியா நகர மருத்துவர் சில்வா லிமா எடுத்துக்காட்டினார். முன்னதன் பெயர் அயன்மையை உணர்த்திற்று. பின்னதன் பெயரோ வந்த துறையைக் கூறிப் பிறந்த நிலத்தை மறைத்தது.

மருந்து கிடைத்த பின்னரும் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1839இல் செருமானிய அறிஞர் சோன்லைனும், 1841இல் பாரிசு நகரில் குரூபியும், தலையில் தோன்றும் இத்தகைய நோயில் பூஞ்சையைக் கண்டனர். வண்டுமன்று, புழுவுமன்று, பூஞ்சையே காரணம் என்பது பின்னர் உறுதிப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்ஃபீல்டு அமைத்த களிம்பில் பென்சாயிக் அமிலம் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுத்தது. சாலிசிலிக் அமிலம் அது தங்கிய மேற்றோலை உரித்தது. 1960களின் இறுதியில் தோன்றிய குளோட்ரிமசோல், மைக்கோனசோல் ஆகியன பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்கு இன்றியமையாத எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுப்பன. மனித உயிரணுவின் சவ்வில் அப்பொருள் இன்மையால், நோய்க்காரணத்தையே குறிவைத்துத் தாக்குதல் இயல்வதாயிற்று.

ஆயினும், தோற்றத்தைக் கண்டு மயங்கும் பழைய பிழை முற்றும் ஒழிந்திலது. 1952 முதல் தோலிற் பூசப்பெறும் ஸ்டீராய்டு மருந்துகள் சிவப்பையும் அரிப்பையும் விரைவில் தணிப்பன. பூஞ்சையைக் கொல்லுவன அல்ல. அவற்றைப் படர்தாமரைக்குப் பூசுவோர் நோய் தணிந்ததாக மகிழ்வர். பூஞ்சையோ உருமாறிப் பரவும். இந்நிலைக்கு 1968இல் மருத்துவ அறிஞர் இட்ட பெயர், மாறுவேடம் பூண்ட டினியா எனப் பொருள்படும் டினியா இன்காக்னிட்டோ என்பதாம்.

2020இல், டெர்பினஃபின் என்னும் மருந்துக்கு எளிதில் அடங்காத பூஞ்சை ஒன்றுக்கு டிரைக்கோஃபைட்டான் இந்தோடினியே எனப் பெயரிட்டனர். இந்தியாவின் பெயரும் பழைய அந்துப்பூச்சியின் பெயரும் இச்சொல்லில் ஒருங்கே அமைந்துள்ளன. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தேர்ச்சியின்றிப் பூசும் வழக்கம் இத்தகைய நோயின் பரவலுக்குத் துணைசெய்வதாக மருத்துவர் கருதுகின்றனர்.

வண்டுகொல்லி எனப் பெயரிட்டோர் பகையின் பெயரைப் பிழைபடக் கூறினும், பகையைக் கொல்லுதலே மருந்தின் தொழில் என்பதனைத் தெளிந்திருந்தனர். பகையின் உண்மைப் பெயரை அறிந்த நாம் அத்தெளிவினை இழத்தலாகாது.