பாவசங்கீர்த்தனம் நடந்து வந்த பாதை

தவசுகாலம் பிறந்துவிட்டால், கோவிலின் ஓரத்திலுள்ள பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முழங்காலிட்டு, தட்டிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் குருவானவரின் செவியில் மட்டும் விழும்படி தங்கள் குற்றங்களைச் சொல்லி, அவர் விதிக்கும் அபராதமாகிய சில செபங்களை முடித்துக்கொண்டு எழுந்துபோகிற நம் நாட்டுக் கத்தோலிக்கர்களுக்கு, இவ்வழக்கம் ஆதித் திருச்சபையில் இத்தனை அந்தரங்கமாகவோ இத்தனை இலகுவாகவோ இருக்கவில்லை என்பது வியப்பைத் தரலாம். தேவவரப்பிரசாதம் மனிதனுடைய தகுதியைப் பாராமல் இலவசமாக அருளப்படுவது என்பதும், கீழ்ப்படிதல் அதற்குச் செலுத்தும் கிரயம் அன்று, அதிலிருந்து பிறக்கும் கனியே என்பதும், பாவத்துக்கு அடிமையாயிருந்தவன் விடுதலை பெற்று நீதிக்கு ஊழியனாகிறான் என்பதும் அர்ச். சின்னப்பர் ரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்தின் சாரம். ஆனால் அவ்விடுதலையைப் பெற்ற ஒருவன் மறுபடியும் விழுந்தால் என்ன செய்வது, மன்னிப்பு எத்தனை முறை கிடைக்கும் என்ற கேள்விக்குத் திருச்சபை கண்ட விடைகளின் வரலாறே பாவசங்கீர்த்தனத்தின் வரலாறு. அவ்விடைகள் நூற்றாண்டுதோறும் தாராளமடைந்தே வந்திருக்கின்றன என்பது என் கருத்து.

இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த ஹெர்மாஸ் என்பவர், ஞானஸ்நானத்துக்குப் பின் மனந்திரும்புதல் ஒரே ஒரு தடவைதான் என்று எழுதினார். சில தலைமுறைகளுக்குப் பின் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியானும் அதையே வலியுறுத்தி, பாவி இரட்டுடுத்துச் சாம்பலில் அமர்ந்து, உபவாசமிருந்து, குருக்களின் பாதத்தில் விழுந்து, சகோதரர்கள் யாவரும் தனக்காக வேண்டிக்கொள்ளும்படி கெஞ்சவேண்டிய முறையை விவரித்தார். 250-ஆம் ஆண்டில் தேசியஸ் சக்கரவர்த்தி தேவர்களுக்குப் பலியிடும்படி எல்லோருக்கும் கட்டளையிட்டபோது, உயிருக்கு அஞ்சிப் பலியிட்டோரும், பலியிட்டதாகக் கைக்கூலி கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டோரும் ஏராளம். அத்தகைய சீட்டுகள் 40-க்கு மேல் எகிப்து தேசத்தில் கிடைத்திருக்கின்றன. வேதகலாபனை ஓய்ந்தபின் அவர்கள் அழுதுகொண்டு கோவில் வாசலுக்கு வந்தார்கள். மன்னிக்கவே கூடாது என்றார் ரோமாபுரியின் நொவாசியான். தவத்தின்பின் மன்னிக்கலாம் என்றார் கார்த்தேஜின் மேற்றிராணியார் சிப்பிரியான். நொவாசியானின் கூட்டத்தார் பிரிந்துபோயினர். சிப்பிரியானோ 258-இல் தாமே வேதசாட்சியாகத் தலைகொடுத்தார். தளராத மனமுடையவரே தளர்ந்தவர்களுக்காகப் பேசினார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

390-ஆம் ஆண்டில் தெசலோனிக்கேயாவில் ரதசாரதி ஒருவனைச் சிறையிட்ட காரணத்தால் ஜனங்கள் கலகம் செய்து படைத்தலைவனைக் கொன்றுவிட, தியோடோசியஸ் சக்கரவர்த்தி கோபாவேசத்தில் அந்நகரத்தாரைக் கொன்றொழிக்க உத்தரவிட்டான். பிற்காலச் சரித்திரக்காரராகிய தியோடரெத்து மாண்டவர்கள் 7,000 பேர் என்கிறார். மிலான் நகரத்து மேற்றிராணியார் அர்ச். அம்புரோசியார் அரசனைக் கோவில் வாசலில் கைநீட்டித் தடுத்தார் என்று தியோடரெத்து எழுதிய காட்சியைச் சித்திரக்காரர்கள் விரும்பித் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் அம்புரோசியார் உண்மையில் செய்தது அதைவிட மேன்மையானது என்பேன்: நகரத்தைவிட்டு விலகிப்போய், அரசன் மட்டுமே வாசிக்கும்படி தம் கைப்படவே அந்தரங்கமாக ஒரு நிருபம் எழுதி, தாவீது அரசன் செய்த தவத்தை நினைவூட்டி, அரசன் இருக்குமிடத்தில் தாம் பலிபூசை நிறைவேற்றத் துணியமாட்டார் என்பதைத் தெரிவித்தார். அரசன் கீழ்ப்படிந்தான், ராஜ சின்னங்களைக் களைந்துவிட்டுச் சபையார் நடுவே பகிரங்கமாக அழுதான், அவ்வருஷத்துக் கிறிஸ்துமஸ் திருநாளை ஒட்டி மறுபடியும் சேர்த்துக்கொள்ளப்பட்டான்.

சாதாரண ஜனங்களுக்கோ இம்முறை பெரும் பாரமாயிற்று. தவசிகளின் வரிசையில் ஒருதடவை சேர்ந்தவன், பெரிய வியாழனன்று மேற்றிராணியார் கைகளை வைத்து அவனைச் சமாதானப்படுத்தியபின்னும், பல தேசங்களில் போர்ச்சேவகமும் விவாகவாழ்வும் ஆயுள் முழுதும் விலக்கப்பட்டவனாகவே இருந்தான். ஆகவே ஜனங்கள் அதை மரணப்படுக்கைவரையில் ஒத்திவைக்கத் தலைப்பட்டனர். மனிதன் தன் சுயபலத்தால் பாவமின்றி வாழலாம் என்ற பெலாஜியுவுக்கு எதிராக, வரப்பிரசாதமின்றிக் கீழ்ப்படிதலும் கூடாது என்று வாதாடிய அர்ச். அகுஸ்தீன், 430-ஆம் ஆண்டில் வந்தாலர்கள் ஹிப்போ நகரத்தை முற்றுகையிட்டிருந்தபோது நோயில் படுத்தார். எத்தனை புண்ணியவானும், குருவாயினும், தக்க தவமின்றி உலகத்தைவிட்டுப் போகலாகாது என்று அவர் சொல்வதுண்டாம். தாவீதின் மனஸ்தாப சங்கீதங்களை எழுதுவித்துச் சுவரில் ஒட்டச்செய்து, படுக்கையில் கிடந்தபடியே அவற்றை வாசித்து வாசித்துக் கண்ணீர் சொரிந்தார் என்று அவருடைய சீஷர் பொசிதியு எழுதிவைத்திருக்கிறார். வரப்பிரசாதத்தின் வேதபாரகர் என்று உலகம் கொண்டாடும் ஒருவர் தம் கடைசி நாட்களில் நாடியது தர்க்கத்தை அன்று, அழுகையை.

மாற்றம் ரோமாபுரியிலிருந்து வரவில்லை. மேற்குக்கோடியிலுள்ள அயர்லாந்துத் தீவிலிருந்து வந்தது. அங்கே சந்நியாசிகள் ஆன்ம நண்பர் ஒருவரிடம் தங்கள் குற்றங்களை அடிக்கடி இரகசியமாகச் சொல்லும் வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தனர். இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் அப்பமும் நீரும் மட்டும் என்று அபராதங்களைக் குறித்த சிறு சுவடிகளும் அவர்களிடம் இருந்தன. 615-இல் இத்தாலியாவில் மரித்த கொலும்பானு முதலிய துறவிகள் அவ்வழக்கத்தை ஐரோப்பா கண்டத்துக்குள் கொண்டுபோனார்கள். 589-இல் தொலேதோவில் கூடிய சங்கம், விழுந்தபோதெல்லாம் மன்னிப்புக் கேட்பதை வெறுக்கத்தக்க துணிகரம் என்று கண்டித்தது. ஆயினும் ஜனங்களின் பசி சங்கத்தின் தீர்ப்பைவிட வலியதாயிருந்தது. 1215-இல் நான்காம் லாத்தரான் சங்கம், விவேகமறியும் வயதடைந்த ஆண் பெண் யாவரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது தம் குருவிடம் தனித்துச் சொல்லவேண்டுமென்றும், காயத்தில் ரசமும் எண்ணெயும் வார்க்கும் வைத்தியனைப்போல் குரு விசாரிக்கவேண்டுமென்றும், கேட்டதை வெளியிடுகிறவனை ஆயுள் முழுதும் மடத்தில் அடைத்துத் தவம்செய்விக்கவேண்டுமென்றும் விதித்தது. நம் பிள்ளைகள் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்யும் திருச்சபைக் கட்டளை அந்தச் சங்கத்தில் பிறந்ததே. தட்டி வைத்த தொட்டி அதற்கும் மிகப் பிந்தியது. பதினாறாம் நூற்றாண்டில் மிலானின் மேற்றிராணியார் சார்லஸ் பொரோமேயோ அதைப் பரவச் செய்தார்.

அதே நூற்றாண்டில் இவ்வழக்கம் முத்துக்குளித்துறைக்கும் வந்து சேர்ந்தது. பரதவர் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றது 1535-ஐ அடுத்த ஆண்டுகளில், அர்ச். சவேரியார் வந்தது 1542-இல். ஆனால் தமிழறியாத குருவிடம் ஒரு மீனவன் தன் பாவத்தை எப்படிச் சொல்வான்? துவிபாஷி ஒருவன் நடுவில் நின்றால் அந்தரங்கம் எங்கே? இக்குறையைத் தீர்த்தவர்களில் முதன்மையானவர் 1546-இல் இந்தியாவுக்கு வந்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார். சில ஆண்டுகளுக்குள் தமிழைக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்ட அவர், 1580-இல் கொச்சியில் பாவசங்கீர்த்தனத்துக்கென்றே ‘கொம்பெசியோனாயரு’ என்ற நூலை அச்சிற் பதிப்பித்தார். திருக்குறள் 1812-இல்தான் அச்சேறியது என்பதை நினைத்தால், தமிழில் அச்செழுத்து பிறந்தவுடனேயே செய்த வேலைகளுள் ஒன்று இது என்பது விளங்கும். அச்சுக்கலையின் சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்நூலை ஆதிநூல்களின் வரிசையில் ஒரு பெயராகக் குறித்துவிட்டு அப்பால் செல்கிறார்கள். கார்த்தேஜின் சாம்பலில் தொடங்கிய வரலாற்றில் அதற்குரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை. புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் கடற்கரைக் குடிகள் தங்கள் குற்றத்தைத் தங்கள் பாஷையிலேயே சொல்லி, பாவப்பொறுத்தலையும் அதே பாஷையில் அறிந்துகொள்வதற்காக எழுதப்பட்ட நூல் அது.