மனநல வார்டில் இதயத்தை யார் கவனிப்பது?

தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'தற்கொலையா இருக்கும்' என்றுதான் பலரும் நினைப்போம். ஆனால் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் உடல் நோய்கள். அவற்றில் இதய நோய் முக்கியமானது.

ஏன் இப்படி?

ஓலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் பசியைக் கூட்டும். எடை, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஏறலாம். வார்டிலோ சாப்பாடு, மாத்திரை, தூக்கம் என்றே நாள் போய்விடும். நடக்க வாய்ப்பு குறைவு. பொழுது போக பிஸ்கட், சிகரெட்.

அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடாது. நோய் திரும்பிவிடும். எடை அதிகம் ஏற்றாத வேறு மருந்து உண்டா, மெட்ஃபார்மின் உதவுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எது பலன் தருகிறது?

வெளிநோயாளிகளிடம் நடந்த இரண்டு ஆய்வுகளைப் பாருங்கள். பிரிட்டனில் வாரம் ஒன்றாக நான்கு வகுப்புகள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் 18 மாதங்கள் ஆலோசனையோடு குழுவாக உடற்பயிற்சியும் செய்ய வைத்தார்கள். மற்றவர்களைவிட சராசரியாக 3.2 கிலோ குறைந்தது. 'நடங்க' என்று சொல்வதைவிட கூட நடப்பதுதான் உதவும் போல.

வார்டில் என்ன செய்யலாம்?

அட்மிட் ஆனதுமே எடை, இடுப்பளவு, பிபி, சர்க்கரை, கொழுப்பு பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்பளவைத் தாண்டினால் கவனம் தேவை. மாத்திரை நேரம் போலவே நடைக்கும் தினசரி நேரம் ஒதுக்கி, ஊழியரும் கூடவே நடக்கலாம். பெரியவர்களுக்கான பொது இலக்கு வாரம் 150 நிமிடம்.

புகையை விடுவது மிக நல்லது. ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு விடுங்கள். புகைப்பதை நிறுத்தினால் குளோசபின், ஓலான்சபின் அளவு ரத்தத்தில் கூடும். டோஸை மாற்ற வேண்டியிருக்கலாம்.

குடும்பம் என்ன செய்யலாம்?

பார்க்கப் போகும்போது ஸ்வீட், சிப்ஸுக்குப் பதில் பழம், சுண்டல் கொண்டுபோகலாம். டிஸ்சார்ஜ் அன்று மருந்துச் சீட்டோடு எடை, சர்க்கரை விவரத்தையும், அடுத்த பரிசோதனை எப்போது என்பதையும் கேட்டு வாங்குங்கள். தயங்க வேண்டாம். சத்தான உணவு, போதிய இடம், பொழுதுபோக்கு வசதி எல்லாம் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உள்நோயாளிக்குத் தரும் உரிமைகள்.