மழையை வரைபடத்தில் ஏற்றிய கதை

வானிலை வரைபடம் என்றதும் நினைவுக்கு வருவது செய்தியின் கடைசியில் காட்டும் வண்ணப்படம்தான். நீலம் இருந்தால் மழை, சிவப்பு இருந்தால் வெயில். இன்று அப்படி ஒரு படத்தை ஒரு கல்லூரி மாணவரே கணினியில் அரை மணி நேரத்தில் தயாரித்துவிடலாம். ஆனால் இந்த இடத்துக்கு வந்து சேர 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த வரலாற்றையும், அதில் எங்கள் வ. புதுப்பட்டி போன்ற மலையடிவார ஊர்கள் எங்கே நிற்கின்றன என்பதையும் இங்கே பார்ப்போம்.

கையால் வரைந்த காலம்

1686-ல் எட்மண்ட் ஹாலி (வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான்) கடல்களின் மேல் வீசும் காற்றுகளைச் சிறு சிறு கோடுகளாக வரைந்து ஒரு வரைபடம் வெளியிட்டார். நம் இந்தியப் பெருங்கடலின் பருவக்காற்றும் அதில் உண்டு. கீழே நிலமும் கடலும் ஓர் அடுக்கு, அதன் மேல் காற்று இன்னோர் அடுக்கு. இன்றைய மென்பொருள் செய்வதும் அடிப்படையில் இதுதான்.

அடுத்த பெரிய அடியை வைத்தவர் பிரான்சிஸ் கால்ட்டன். ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து 1861 டிசம்பர் மாத அளவீடுகளைக் கேட்டு வாங்கி, வரைபடங்களில் குறித்து 1863-ல் நூலாக வெளியிட்டார். 1875 ஏப்ரல் 1 அன்று லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் அவர் தயாரித்த வானிலை வரைபடம் வந்தது.

அதே 1875-ல்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் பிறந்தது. அதற்கு முன்பே சென்னையில் வானாய்வகம் இருந்தது. 1813 முதல் சென்னையின் மழை அளவு பதிவாகியிருக்கிறது. ஆனால் அவரவர் ஊர்க் கணக்கு அவரவர் நோட்டில் கிடந்தால் நாடு முழுவதற்குமான படம் எப்படிக் கிடைக்கும்? 1864-ல் கல்கத்தாவைப் புயல் தாக்கியது. 1866-லும் 1871-லும் பருவமழை பொய்த்தது. அதன் பிறகே எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் சேர்க்க ஹென்றி பிளான்போர்டு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே தென்னகத்தில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கி, லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. மழையைக் கணக்கிடுவது இந்த நாட்டில் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

1904-ல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் ஒரு கணிதவியலாளர். உலகின் பல மூலைகளின் காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றுக்கு இடையே உள்ள தொடர்பை, அலுவலக எழுத்தர்களைக் கொண்டு கையாலேயே கணக்கிட வைத்தார். எல் நினோவோடு சேர்த்து இன்று பேசப்படும் 'தெற்கத்திய அலைவு' அந்தக் காகிதக் கணக்கிலிருந்து கிடைத்ததுதான்!

கணினி வந்த பிறகு

மழைமானி வைத்திருக்கும் இடத்தில்தான் மழை அளவு தெரியும். இரண்டு மழைமானிகளுக்கு நடுவே உள்ள ஊருக்கு என்ன எண் போடுவது? 1968-ல் டொனால்ட் ஷெப்பர்டு என்ற ஹார்வர்டு மாணவர் ஒரு எளிய வழி சொன்னார். பக்கத்து மழைமானிக்கு அதிக மதிப்பு, தூரத்து மழைமானிக்குக் குறைந்த மதிப்பு. உதாரணத்துக்கு, உங்கள் ஊரிலிருந்து 10 கி.மீ. தொலைவில் 60 மி.மீ., 20 கி.மீ. தொலைவில் 20 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வோம். தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மதிப்பு கொடுத்தால் 4-க்கு 1 என்று வரும். உங்கள் ஊருக்கு 52 மி.மீ. என்று கணக்கு சொல்லும்.

இந்தக் கணக்கைப் போட்டு வரைபடத்தின் மேல் வண்ணமாக ஏற்றுவதற்கு இன்று பலரும் பயன்படுத்துவது 'ஆர்' என்ற புள்ளியியல் மொழி. 1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய 'எஸ்' மொழியைப் பின்பற்றி, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990-களில் உருவாக்கியது. 2000 பிப்ரவரி 29 அன்று அதன் 1.0.0 பதிப்பு வந்தது. முற்றிலும் இலவசம். மாவட்ட எல்லைக் கோப்பு ஒன்று, மழை அளவுக் கோப்பு ஒன்று, சில வரிக் கட்டளைகள். படம் தயார்.

மழை அளவுக் கோப்புக்கும் பஞ்சமில்லை. வானிலைத் துறையே நாடு முழுவதற்கும் 1901 முதலான தினசரி மழையைக் கட்டம் கட்டமாகத் தருகிறது. 6,955 மழைமானிகளின் பதிவை வைத்து, அதே ஷெப்பர்டு முறையில் உருவானது. ஒரு கட்டத்தின் பக்கம் 0.25 பாகை, அதாவது சுமார் 27 கி.மீ.

கட்டத்துக்குள் மறையும் மலை

சரி, இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி, திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரம். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மழை மறைவுப் பகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான் நம்பியிருக்கிறோம். ஆனால் சில கி.மீ. மேற்கே போனால் காடும் மலையும். அங்கே பெய்வது வேறு மழை. 27 கி.மீ. கட்டம் இந்த மலையையும் மானாவாரிக் காட்டையும் ஒரே நிறத்தில் பூசிவிடும். நடுவில் மலை நிற்பது மேலே சொன்ன எளிய கணக்குக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது தூரம் மட்டும்தான்.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 2015 மே மாதம் சதுரகிரி மலையில் பெய்த கோடை மழையில் காட்டாற்று வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தனர். உச்சியில் கொட்டும் மழை கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. பெரிய கட்டத்தின் சராசரியிலும் அது கரைந்துவிடும். இன்னொரு பக்கம், வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில் ஒரு குறிப்பிட்ட நிலையத்தின் மழை அளவை வைத்தே இழப்பீடு முடிவாகிறது. அங்கே பெய்து இங்கே பெய்யாவிட்டால் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

இதற்கு மருந்தும் அடுக்கு முறையிலேயே இருக்கிறது. 'ஆர்' 1.0.0 வந்த அதே 2000 பிப்ரவரியில், அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று ராடார் மூலம் பூமியின் உயரங்களை அளந்தது. அந்தத் தரவும் இலவசம். எல்லைக் கோப்பின் மேல் மலை உயரத்தை ஓர் அடுக்காக வைத்து, அதையும் கணக்கில் சேர்த்து மழையை மதிப்பிடும் முறைகள் 'ஆர்' மொழியிலேயே உள்ளன. ஆனாலும் மலையில் மழைமானி இல்லாவிட்டால் அதுவும் ஊகம்தான். ஊகத்தைச் சரிபார்க்க ஓர் அளவாவது வேண்டும்.

ஹாலிக்கு மாலுமிகள் சொன்னார்கள், கால்ட்டனுக்குக் கடிதங்கள் வந்தன, வாக்கருக்கு எழுத்தர்கள் கணக்குப் போட்டார்கள். கருவி எத்தனை மாறினாலும், யாரோ ஒருவர் ஓரிடத்தில் நின்று அளந்ததைத்தான் வரைபடம் காட்டுகிறது. எனவே அடுத்த முறை வண்ணமயமான மழைப்படத்தைப் பார்க்கும்போது, நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். அந்த நிறத்துக்குக் கீழே எத்தனை மழைமானிகள் இருக்கின்றன என்றும் கேளுங்கள்.