நத்தார் அடுப்பின் வரலாறு

மார்கழி மாதம் நெருங்கியதும் நம் நாட்டுக் கிறித்தவ இல்லங்களிலே கேக் செய்யும் ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. பேர்த்தி முந்திரிப்பருப்பை நறுக்குவாள். தாய் முட்டையையும் சீனியையும் அடிப்பாள். அம்மம்மா அருகிலிருந்து அளவு சொல்லுவார். இந்த இல்லக் காட்சியின் பின்னே மூன்று அந்நிய ஆட்சிகளின் வரலாறு நிற்கின்றது. அதனை அடுக்களைச் சொற்களிலேயே காணலாம்.

முதலில் 'நத்தார்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பிறப்பைக் குறிக்கும் 'நத்தால்' என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது அது. போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். நம் பலகாரங்கள் பெரும்பாலும் அவித்தோ பொரித்தோ செய்யப்படுபவை. மாவைச் சூளையில் வேகவைக்கும் முறையோடு பாண், போறணை, விசுக்கோத்து ஆகிய சொற்களும் அவர்களிடமிருந்து வந்தன. பிரேசில் நாட்டு மரமாகிய கஜுவும் அவர்கள் வழியே கீழைத்தேயம் சேர்ந்தது. பூசணித் தோசியிலுள்ள 'தோசி', இனிப்பைக் குறிக்கும் அவர்கள் சொல்லே.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ் அடிகளார் இரவுவேளைகளில் வீடுகளிலே மக்களைக் கூட்டி வழிபாடு நடத்தினார். 1689ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், அவ்வாறு கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படைவீரர் சிறைபிடித்தனர். ஆலயக் கதவுகள் அடைபட்டபோது இல்லமே ஆலயமாயிற்று. ஒல்லாந்தர் ஆட்சி ஏறத்தாழ நூற்று முப்பத்தேழு ஆண்டுகள் நீடித்தும், 'நத்தார்' என்னும் சொல்லை மக்கள் நாவினின்று அகற்ற இயலவில்லை. விந்தை யாதெனில், அவ்வொல்லாந்தரும் நத்தாருக்கென ஒரு பண்டத்தை விட்டுச்சென்றனர். முட்டையும் வெண்ணெயும் முந்திரிகை வற்றலும் சேர்த்துப் புளிக்கவைத்த மாவினாற் செய்யும் 'புரூடர்' அது. பறங்கியர் இல்லங்களில் நத்தார்க் காலைக்கு அது இன்றும் உரியது.

பின்வந்த ஆங்கிலேயர் உலர்பழக் கேக்கைக் கொணர்ந்தனர். நம் இல்லத்தரசியரோ அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கோதுமை மாவின் இடத்தில் ரவையை இட்டனர். கஜுவையும் பூசணித் தோசியையும் இஞ்சிப் பாகையும் சேர்த்தனர். ஏலமும் கறுவாவும் பன்னீரும் மணம் ஊட்டின. வீட்டிலே போறணை இல்லாதோர், தட்டின் மேலும் கீழும் தணலிட்டு வேகவைத்தனர். அல்லது அயலிலுள்ள பாண் போறணைக்குத் தட்டைக் கொடுத்தனுப்பினர். வெந்த கேக்கைச் சிறு துண்டுகளாக வெட்டித் தாளிற் சுற்றி, பயற்றம் பணியாரத்தோடும் முறுக்கோடும் இந்து அயலவர் வீடுகளுக்கும் வழங்கினர். தைப்பொங்கலன்று அவ்வீடுகளிலிருந்து பொங்கல் வந்தது.

1983இன் பின்னர் மூண்ட போரிலே எத்தனையோ குடும்பங்கள் வீட்டையும் அடுப்பையும் விட்டுப் பெயர்ந்தன. அவர்கள் கையோடு கொண்டுசென்றவை சிலவே. அம்மம்மாவின் அளவு நினைவிலிருந்தபடியால், அது கூடவே சென்றது. கடல்கடந்த நாடுகளிலும் அக்கேக் வேகின்றது. எனினும் நினைவிலே மட்டும் வாழ்வது ஒரு தலைமுறையோடு மறைந்துவிடவுங் கூடும். ஆகவே, நேயர்களே, இவ்வாண்டு கேக் அடிக்கும்போது அருகில் ஒரு கொப்பியையும் வைத்துக்கொள்ளுங்கள். வென்றோர் கொணர்ந்ததை நம்மவர் தமதாக்கிய வரலாறு அந்த அளவுகளிலே எழுதப்பட்டிருக்கும்.